திண்டிவனத்துக் கடலையும் துரு நோயும்

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1879இல். தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் விளைந்த மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, அது துறைமுகத்துக்கான நேர்வழியானது. பருப்பு கப்பலேறி மார்செய் நகர ஆலைகளுக்குப் போய் எண்ணெயானது, சோப்பானது.

அந்த வணிகம் ஒருமுறை படுத்தும் போனது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழைய நாட்டு விதை நலிந்து, பயிர்ப் பரப்பு சுருங்கியது. கடல் கடந்து வந்த ‘மொரீசியஸ்’ விதைதான் உழவர்களைக் கைதூக்கிவிட்டது.

பிறகு திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ‘குடியாத்தம் கொத்து’ என்ற நிலக்கடலை வகையில் நல்ல செடிகளைத் தேர்ந்து சேர்த்து, 1940இல் அது வெளியிட்ட ரகம் டி.எம்.வி. 2. சுமார் 105 நாளில் அறுவடை. மானாவாரி வறட்சியையும் ஓரளவு தாங்கும். ஊர்ப்பெயரின் சுருக்கத்தைச் சுமந்தபடி ஆந்திரம், கர்நாடகம் வரை பரவி, பல பத்தாண்டுகள் நிலைத்தது.

இலை நோய்களைத் தாங்காது என்ற ஒரு குறை மட்டும் தீரவில்லை. டிக்கா இலைப்புள்ளி நோய் எப்போதுமே உண்டு. 1970 வாக்கில் துரு நோயும் இந்திய வயல்களுக்கு வந்து சேர்ந்தது. கோதுமைத் துருவின் உறவுப் பூஞ்சைதான் இதுவும். இலையின் அடியில் செம்பழுப்புக் கொப்புளங்கள் வெடித்து, வித்துகள் காற்றில் பறக்கும். ஆடிப்பட்டம், மார்கழிப்பட்டம் என்று ஆண்டு முழுக்க எங்காவது கடலை நிற்கும் மண்ணில் அதற்கு இருப்பிடத்துக்குப் பஞ்சமேயில்லை. இரண்டு நோயும் சேர்ந்து தாக்கினால் பாதி மகசூல்கூடப் போய்விடும்.

துருவுக்காக 1940இன் ஆய்வாளர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. வயலுக்கே வராத நோயை எதிர்க்கும் செடியை எதை வைத்து அடையாளம் காண்பது?

எதிர்ப்புத் திறன் பொலிவியாவின் காட்டுக் கடலை இனம் ஒன்றில் கிடைத்தது. அராக்கிஸ் கார்டெனாசி என்பது அதன் பெயர். அதன் மரபுக்கூறு பல கலப்புகளைக் கடந்து, தார்வாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.பி.டி. 4 ரகத்துக்கு வந்தது. அதே தார்வாடு ஆய்வாளர்கள் அந்த ரகத்தை டி.எம்.வி. 2உடன் கலந்து, வந்த சந்ததியை மறுபடி மறுபடி டி.எம்.வி. 2உடனேயே கலந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் மரபணுவைச் சோதித்து, நோயெதிர்ப்புப் பகுதி உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2017இல் அந்த முடிவுகள் வெளியாயின.

உழவருக்கு இதில் பருப்பு மட்டுமல்ல ஆதாயம். டிக்கா தாக்கினால் இலை உதிரும். துரு தாக்கினால் செடியிலேயே கருகி ஒட்டிக்கொண்டிருக்கும். நோய் தாங்கும் செடியில் அறுவடை வரை பச்சை இலை நிற்பதால், பிடுங்கிய கொடி நல்ல மாட்டுத் தீவனமாகிறது.