இருமொழியாளரின் செவியும் ஒற்றைமொழி அளவுகோலும்

இரண்டு மொழிகளில் புழங்கும் ஒருவர் பேச்சொலிகளை எவ்வாறு பிரித்தறிகிறார் என்னும் வினாவுக்கு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி தாய்மொழியை மட்டுமே முன்வைத்து விடை கண்டது. ரஷ்ய மொழியியலாளர் பொலிவானோவ் 1931இல், பிறமொழி ஒலிகளையும் மனிதர் தம் தாய்மொழியின் ஒலியன்களாகவே, அதாவது பொருள் வேறுபாட்டை உண்டாக்கும் ஒலி அலகுகளாகவே, கேட்கின்றனர் என்று எழுதினார். துருபெட்ஸ்காயின் மறைவுக்குப் பின் 1939இல் வெளிவந்த ஒலியனியல் நூல் இதனைச் சல்லடை என்னும் உருவகத்தால் நிலைநிறுத்தியது. புதிதாக ஒரு மொழியைக் கற்பவரின் இடர்ப்பாட்டுக்கு இவ்விளக்கம் பொருந்தியதேயன்றி, இரு மொழிகளிலும் நாள்தோறும் வாழ்பவரைப் பற்றி அது பெரிதும் பேசவில்லை.

அத்தகையோர் ஒலிகளை எவ்வாறு கேட்கின்றனர் என்பதை அளந்தறிய ஒரு வழி 1964இல் கிடைத்தது. லிஸ்கரும் ஆப்ராம்சனும் தமிழ் உள்ளிட்ட 11 மொழிகளில், வாயின் அடைப்பு விடுபடும் கணத்துக்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டனர். குரல் தொடக்க நேரம் எனப்படும் இவ்வளவே, 'பல்' என்பதன் முதலொலியையும் 'பஸ்' என்பதன் முதலொலியையும் (தமிழ் எழுத்து இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை) பிரித்துக் காட்டுவது. 'பல்' என்பதிலுள்ளது போன்ற ஒலிப்பிலா ஒலிக்கு ஆங்கிலத்தில் சராசரியாக 58 மில்லிநொடியும் ஸ்பானியத்தில் 4 மில்லிநொடியும் இருந்தமையால், ஓர் ஒலியே இவ்விரு மொழியினர் செவியில் வெவ்வேறாக விழக்கூடும் என்பது தெளிவாயிற்று.

அவ்விரு முதலொலிகளையும் பிரிக்கும் எல்லை மொழிக்கு மொழி மாறுமெனில், இருமொழியாளரின் செவி எம்மொழியின் எல்லையைப் பின்பற்றும்? கராமாஸாவும் உடனாய்வாளர்களும் 1973இல், பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்த கனடியர்களுக்கு, குரல் தொடக்க நேரத்தைப் படிப்படியாகக் கூட்டிச் செயற்கையாக உருவாக்கிய ஒலிகளை ஒலிக்கச் செய்தனர். அவர்கள் வகுத்த எல்லை இரு மொழியினரின் எல்லைகளுக்கும் நடுவே அமைந்ததுடன், சோதனை நடந்த மொழி மாறியபோதும் நகரவில்லை. பேசும்போதோ அவர்கள் மொழிக்கேற்ப மாற்றிப் பேசினர். வாய்க்கு இரண்டு ஒழுங்குகள், செவிக்கு ஒன்றே என்னும் முடிவுக்கு இது இடமளித்தது. ஆனால் 1977இல் எல்மனும் உடனாய்வாளர்களும் இயல்பான பேச்சிலிருந்து எடுத்த ஒலிகளைப் பயன்படுத்தி, சோதனை முழுவதும் அந்தந்த மொழியின் வாக்கியங்களையும் இடையிடையே கேட்கச் செய்தபோது, ஸ்பானியமும் ஆங்கிலமும் நன்கறிந்தோர் அவ்விரு முதலொலிகளுக்கும் இடைப்பட்ட ஐயத்திற்குரிய ஒலியை மொழிச் சூழலுக்கேற்ப வெவ்வேறாகக் கேட்டனர். முந்தைய ஆய்வு கண்ட அசையாமையைச் செவியின் இயல்பெனக் கொள்வதினும், மொழிச் சூழல் மங்கிய சோதனையின் விளைவெனக் கொள்வதே பொருத்தம்.

இருமொழியாளர் ஒருவருக்குள் அடங்கிய இரு ஒற்றைமொழியாளர் அல்லர் என்று குரோஷான் 1989இல் வலியுறுத்தியதும் இத்தகைய அளவீட்டுப் பிழையைக் கருதியே. அப்பிழை குழந்தைகளைப் பற்றிய ஆய்விலும் நேர்ந்தது. கத்தலான் மொழி வேறுபடுத்தும் இரு எகர ஒலிகள் ஸ்பானியத்தில் ஒன்றே. இரு மொழிகளையும் கேட்டு வளரும் எட்டு மாதக் குழந்தைகள் அவற்றை வேறுபடுத்தவில்லை என 2003இல் போஷும் செபாஸ்தியான்-கால்யெஸும் கண்டனர். கேட்கும் கவன நேரத்தை அளப்பதை விடுத்து, அடுத்து உருவம் தோன்றவிருக்கும் பக்கத்தைக் குழந்தையின் கண் முன்கூட்டியே நாடுகிறதா என்று பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், அதே வயதினர் அவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர். உறவுடைய இரு மொழிகளில் ஒரே சொல் சிறிய உயிரொலி மாற்றத்துடன் வழங்குவதைக் கேட்டுப் பழகிய குழந்தை, அம்மாற்றத்தை உணர்ந்தும் வியப்புக் காட்டாதிருக்கலாம்.