வகுப்பறையில் விக்கி: ஒரு வரலாறு

விக்கி என்பது, படிப்பவரே திருத்தி எழுதக்கூடிய இணையப் பக்கங்களின் தொகுப்பு ஆகும். அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் முதல் விக்கித் தளத்தை 1995 மார்ச் 25 அன்று பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் 'விரைவு' என்று பொருள். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்திலிருந்து அவர் இப்பெயரை எடுத்துக்கொண்டார். மென்பொருள் வடிவமைப்பாளர்களுக்காக உருவான இக்கருவி சில ஆண்டுகளிலேயே கல்லூரி வகுப்புகளுக்குள் நுழைந்தது. அங்கே அது சந்தித்த தடைகள் பெரும்பாலும் தொழில்நுட்பம் சார்ந்தவை அல்ல. மதிப்பெண் முறை, மாணவரிடையே போட்டி, தனியுரிமைச் சட்டம், பராமரிப்புச் செலவு ஆகியவையே அதன் போக்கைத் தீர்மானித்தன.

ஜார்ஜியாவில் தொடக்கம்

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்த மார்க் குஸ்தியலும் அவருடைய மாணவர்களும் 1990களின் பிற்பகுதியில் 'ஸ்விக்கி' என்ற மென்பொருளை உருவாக்கினர். வகுப்புகளில் இது 'கோவெப்' என்று வழங்கியது. கட்டடக்கலை மாணவர்கள் தங்கள் வரைபடங்களை இதில் இட்டு, பிறருடைய கருத்துகளைப் பெற்றனர். ஆங்கில வகுப்புகளில் மாணவர்கள் கூடி எழுதப் பழகினர். கணினி வகுப்பில், முந்தைய பருவ மாணவர்கள் எழுதி வைத்த விளக்கங்கள் அடுத்து வந்தவர்களுக்குப் பாடத் துணையாயின.

எல்லாத் துறைகளிலும் இதே வரவேற்பு கிடைக்கவில்லை. பொறியியல், கணித வகுப்புகளில் மாணவர்கள் கூடி எழுதத் தயங்கினர். கணித வகுப்பு ஒன்றில், கூட்டுப் பணியைச் செய்வதைவிட அதற்குச் சுழியம் பெறுவதே மேல் என்று பலர் விட்டுவிட்டனர். இதன் காரணங்களைக் குஸ்தியலும் உடன் பணியாற்றியவர்களும் 2002இல் ஆராய்ந்து எழுதினர். மாணவர்கள் ஒருவரையொருவர் போட்டியாளராகவே கண்டனர். வினாக்களுக்கு ஒரே ஒரு சரியான விடை இருந்ததால் கலந்துரையாட இடமில்லை. தெரியாததை எல்லோர் முன்னும் கேட்பது இழுக்கு என்ற அச்சமும் இருந்தது. ஒரே மென்பொருள் ஒரு துறையில் வேரூன்றி மற்றொன்றில் வாடியதற்குக் காரணம் அந்தந்த வகுப்பின் பழக்கமே என்பது இதனால் தெளிவாயிற்று.

விக்கிப்பீடியாவும் கல்லூரிகளும்

2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா தொடங்கியபின், வகுப்புக்கென்று தனி விக்கி இல்லாமலேயே மாணவர்கள் எழுதும் வாய்ப்பு உண்டானது. ஆனால் ஆசிரியர்களிடையே ஐயம் நீடித்தது. அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் ஜப்பானிய வரலாறு படித்த மாணவர் பலர், 17ஆம் நூற்றாண்டின் சிமபாரா கிளர்ச்சிக்கு இயேசு சபையினர் துணைநின்றதாக ஒரே பிழையைத் தேர்வில் எழுதினர். விக்கிப்பீடியாவே அதன் மூலம் என்று கண்டறியப்பட்டது. 2007இல் அக்கல்லூரியின் வரலாற்றுத் துறை, விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டுவதற்குத் தடை விதித்தது. அதைப் படிப்பதற்குத் தடையில்லை.

அடுத்த ஆண்டே, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதற்கு நேர்மாறான முயற்சி நடந்தது. இலத்தீன் அமெரிக்க இலக்கியம் கற்பித்த ஜான் பீஸ்லி-மர்ரே, அப்பாடம் தொடர்பான விக்கிப்பீடியாக் கட்டுரைகளை மேம்படுத்தும் பொறுப்பை மாணவர் குழுக்களிடம் ஒப்படைத்தார். 'நல்ல கட்டுரை' என்ற தகுதி பெற்றால் உயர்ந்த மதிப்பெண், 'சிறப்புக் கட்டுரை' ஆனால் அதனினும் உயர்ந்தது என்பது ஏற்பாடு. அந்தத் தகுதியை முடிவு செய்தவர்கள் விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள். சான்று எங்கே என்று கேட்டு அவர்கள் கட்டுரைகளைத் திரும்பத் திரும்பத் திருத்தச் செய்தனர். மிகேல் ஆங்கெல் அஸ்தூரியாசின் 'எல் செஞோர் பிரெசிதெந்தே' புதினம் பற்றிய கட்டுரை சிறப்புக் கட்டுரையாக உயர்ந்தது.

இந்திய அனுபவம்

2011இல் விக்கிமீடியா நிறுவனம் புனே நகரக் கல்லூரிகள் சிலவற்றில் இதுபோன்ற திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பாடநூல்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுத்த பகுதிகளை மாணவர் பலர் அப்படியே கட்டுரைகளில் ஒட்டினர். பதிப்புரிமை மீறல்களைத் தேடி நீக்கும் சுமை தன்னார்வலர்கள் மீது விழுந்தது. அதே ஆண்டின் இறுதியில் திட்டம் நிறுத்தப்பட்டது. கனடாவில் ஒரு வகுப்பு பல மாதங்கள் சில கட்டுரைகளையே திருத்திக்கொண்டிருந்தது. புனேயில் ஏராளமான மாணவர்கள் குறுகிய காலத்தில் இறக்கப்பட்டனர். சொந்தச் சொற்களில் எழுதவும் சான்று காட்டவும் போதிய பயிற்சி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தமிழில், 2010ஆம் ஆண்டு கோவையில் செம்மொழி மாநாட்டுடன் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி, கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. 2017இல் தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாப் பயிற்சி அளிக்கப்பட்டது. முதலில் ஆசிரியர் எழுதக் கற்பது, பின்னர் மாணவரை வழிநடத்துவது என்ற வரிசைக்கு இது வழிசெய்தது.

அழிந்த பக்கங்கள்

2011 நவம்பரில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் தன் வகுப்பு விக்கிகளை இணையத்திலிருந்து அகற்றியது. 1974ஆம் ஆண்டின் கல்வித் தனியுரிமைச் சட்டமே காரணமாகக் காட்டப்பட்டது. ஒரு பக்கத்தில் மாணவரின் பெயர் இருந்தால், அவர் எந்தப் பாடத்தில் சேர்ந்திருந்தார் என்பது வெளிப்பட்டுவிடும் என்பதே வாதம். பத்தாண்டுகளுக்கும் மேலாக மாணவர்கள் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்சென்ற விளக்கங்கள் பார்வைக்கு எட்டாமற் போயின. 2005இல் தொடங்கி, பள்ளி ஆசிரியர்களுக்கு இலவச விக்கிகள் வழங்கிய 'விக்கிஸ்பேசஸ்' 2018இல் தன் வகுப்பறைச் சேவையை மூடியது. பழைய மென்பொருளைப் புதுப்பிக்க ஆகும் செலவு அம்முடிவுக்கு ஒரு காரணம்.

இன்று வகுப்பு விக்கிகள் பெரும்பாலும் மூடில் போன்ற கற்றல் மேலாண்மை மென்பொருள்களுக்குள், கடவுச்சொல்லுடன் இயங்குகின்றன. அங்கே மாணவரின் தனியுரிமை காக்கப்படுகிறது. ஆனால் பருவம் முடிந்ததும் பக்கங்களும் பெரும்பாலும் மூடப்படுகின்றன. விக்கிப்பீடியாவிலோ மாணவர் புனைபெயரில் எழுதலாம், எழுதியதும் வகுப்பு முடிந்தபின் நிலைத்திருக்கும். ஆனால் முன்பின் அறியாதவர்கள் அதைத் திருத்துவதை மாணவர் ஏற்க வேண்டும். கூட்டாக எழுதும் பணியை ஆசிரியர் எங்கே நடத்துவது என்பது, இவ்விரண்டில் எதை விட்டுக்கொடுக்க முடியும் என்பதைப் பொறுத்தே இன்றும் அமைகிறது.