பல்கலைக்கழக மல்யுத்தத் தரவரிசை

கல்லூரி மல்யுத்த வீரர்களையும் பல்கலைக்கழக அணிகளையும் சாம்பியன்ஷிப் முடிவுகளின்படி வரிசைப்படுத்தும் முறை. ஃப்ரீஸ்டைல், கிரேக்கோ-ரோமன், மகளிர் மல்யுத்தம் என்னும் மூன்று பாணிகளிலும் எடைப்பிரிவுதோறும் வரிசை தனித்தனியே அமையும். இந்தியாவில் அனைத்திந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகளை, 1925-இல் தோன்றிய இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்துகிறது.

உலக மல்யுத்தக் கூட்டமைப்பு விதிகளின்படி எதிராளியின் இரு தோள்களையும் மெத்தையில் அழுத்தி வென்றவருக்கு 5 வகைப்பாட்டுப் புள்ளிகள்; புள்ளிக் கணக்கில் மட்டும் வென்றவருக்கு 3. இறுதிப்போட்டியாளர்களிடம் தோற்றவர்கள் மறுவாய்ப்புச் சுற்றில் ஆடுவதால் வெண்கலம் இருவருக்குக் கிடைக்கும். அணிக் கணக்கில் முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 20, வெண்கலம் ஒவ்வொன்றுக்கும் 15. பத்தாமிடத்துக்கும் 2 உண்டு. ஆகவே தங்கமே வெல்லாத அணியும் பரவலான இடங்களால் முன்னேறலாம். பதக்கப்பட்டியலிலோ தங்கமே முதலில் எண்ணப்படும். 2020-இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளின் வரிசை அவ்வாறானது. பல விளையாட்டுகளின் மொத்தச் சாதனைக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்படுகிறது.