இரண்டு கைகளும் சேர்ந்த ஆண்டு

ரிஷிவந்தியத்துக்கு மேற்கேயும் தெற்கேயும், கல்வராயன் மலையடிவாரம் தொடங்கிப் பரந்து கிடந்த நாட்டுக்கு இடைக்காலத்தில் மகதை மண்டலம் என்று பெயர். ஆறகழூரில் இருந்துகொண்டு வாணகோவரையர்கள் ஆண்ட நாடு அது. 14-ஆம் நூற்றாண்டில் குமார கம்பணனின் படையெடுப்போடு விஜயநகர ஆட்சி வந்தது. நிலங்கள் அதிகாரிகளுக்குச் சீவிதப்பற்றாக, அதாவது பணிக்கு ஈடான நில உரிமையாக, போயின. வரிச்சுமை ஏறியது.

அந்த மலையில் பிறக்கும் மணிமுத்தாறு விருத்தாசலத்தில் பழமலைநாதர் கோயிலருகே ஓடுகிறது. அந்தக் கோயிலில் விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்து அரசாணை ஒன்று, 1429-இல் வெட்டியது, இருக்கிறது. பதவிக்கு வரும் அதிகாரிகள் வலங்கை, இடங்கை என்ற இரு சாதிப் பிரிவு மக்களிடம் காணிக்கை என்ற பெயரில் கட்டாய வசூல் செய்தார்கள், குடிகள் ஊரைவிட்டுப் போனார்கள், திருவிழாக்கள் நின்றன, இனி அந்த வசூல் கூடாது என்கிறது ஆணை. தன் ஆட்கள் செய்த அநியாயத்தை அரசே கல்லில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

மக்கள் அந்த ஆணையை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. அதே ஆண்டில் பெரம்பலூர்ப் பக்கத்து ஆடுதுறையில் வலங்கை 98 சாதிகளும் இடங்கை 98 சாதிகளும் கூடித் தாங்களே கட்டுப்பாடு எழுதிக்கொண்டார்கள். உழுகுடிகளும் கைவினைஞர்களும் வணிகர்களும் இரண்டாகப் பிரிந்து நின்று, காலங்காலமாக ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட இரு பிரிவுகள் இவை. எந்த வரி, எவ்வளவு என்று அவர்களே விகிதம் குறித்தார்கள். காவிரிப் பக்கம் கொறுக்கையில் கிடைக்கும் அதே ஆண்டுக் கல்வெட்டு காரணத்தையும் சொல்கிறது: விளைச்சலைப் பார்த்து வரி போடாததால் ஓடிப்போக நினைத்தோம், மண்டலம் முழுவதும் ஒன்றாக நிற்காததால்தான் இந்த அநியாயம் நடந்தது என்று உணர்ந்தோம், இனி விளைந்ததற்கு ஏற்ற நியாயமான வரியை மட்டுமே கொடுப்போம். ஊரைக் காலிசெய்யத் துணிந்தவர்கள் தங்கி நின்று எழுதிய வரிகள் இவை. எப்போது படித்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

ஆடுதுறைக் கட்டுப்பாட்டில் நான் நின்று யோசிக்கும் இடம் வேறு. நிலக்காணி உடைய பிராமணரும் வெள்ளாளரும் அரசு அதிகாரிகளுக்கு இடம் கொடுக்கக் கூடாது, அவர்களுக்குக் கணக்கு எழுதக் கூடாது என்கிறது அது. காணியாளர்கள் இந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்கள் அல்லர். ஆனாலும் விதி அவர்களையும் கட்டியது. அதிகாரி வெளியூர்க்காரன். எந்த வயல் யாருடையது, எவ்வளவு விளைந்தது என்று உள்ளூர்க் கணக்கு சொல்லாமல் அவனால் ஒரு படி நெல்லும் வாங்க முடியாது. அரசனோடு போர் தொடுக்காமல், அவன் அதிகாரம் ஊருக்குள் நுழையும் வாசலை அடைத்தார்கள். இதைவிடக் கூர்மையான ஒரு விதியை நம் இடைக்காலக் கல்வெட்டுகளில் நான் பார்த்ததில்லை.

நொபொரு கரஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தக் கல்வெட்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் படித்து, 1429-ஐப் பெரும் உழவர், கைவினைஞர் எழுச்சியாக அடையாளம் காட்டினார்கள். ஒரு மண்டலத்தோடு நிற்காமல் காவிரிச் சமவெளி வரை அது பரவியதும் அந்த ஆய்வால்தான் தெளிவானது.

பெண்கள் அந்தக் கூட்டங்களில் பேசியதற்குத் தடயம் இல்லை. வயலில் நாற்று நட்டவர்களும் களை எடுத்தவர்களும் அவர்கள். குடும்பம் ஊரைவிட்டுப் போனால் பிள்ளைகளையும் பானைகளையும் சுமந்து நடக்க வேண்டியவர்களும் அவர்களே. அந்த விதி அவர்கள் வீட்டு நெல்லுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது.