பாட்டாவின் துப்பாக்கியும் பையனின் துப்பாக்கியும்

நவம்பர் வந்துவிட்டால் மின்னசோட்டாவில் மான் வேட்டை. ஆபீசில் பாதிப் பேர் லீவு. போன வாரம் என் 13 வயது மகன் மெதுவாக ஆரம்பித்தான். "அப்பா, பக்கத்து வீட்டுப் பையனோட நானும் போகட்டா? முதல் ரைஃபிளுக்கு ரொம்பச் செலவு ஆகாதாம். 400, 500 டாலர்லயே நல்லது கிடைக்குமாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி: "நம்ம வீட்டுல யாராவது வேட்டைக்குப் போயிருக்காங்களா?"

முதல் கேள்விக்கு ஒரு வாரம் தவணை கேட்டேன். இரண்டாவதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், இது ஒரு துப்பாக்கியின் கதை இல்லை, ஒரு நாட்டின் சட்டக் கதை என்று புரிந்தது.

எங்களுக்குத் திருவனந்தபுரம் சாலை. (ரோடு இல்லை சார், அந்தக் கடைத்தெருவுக்குப் பெயரே சாலைதான்.) 18-ம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து போய்க் கடை போட்ட தமிழர்கள் நிறைய. என் அம்மையின் அப்பாவும் அப்படிப் போனவர்தான். அவருக்கு அங்கே கயிறும் இரும்புச் சாமானும் விற்கிற ஒரு கடை. நெடுமங்காட்டைத் தாண்டி மலையடிவாரத்தில் கொஞ்சம் மரச்சீனித் தோட்டம். தோட்டத்துக்குக் காட்டுப்பன்னி வரும். அதற்காக ஒரு துப்பாக்கி வைத்திருந்தார் பாட்டா.

அதை ரைஃபிள் என்று சொல்ல முடியாது. ரைஃபிளின் குழாய்க்குள் மரை வெட்டியிருக்கும். குண்டு சுழன்றுகொண்டே போவதால் குறி தப்பாது. பாட்டாவுடையது வழவழப்பான குழாய். வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, ஈய ரவையைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒரு வெடிதான். பன்னி திரும்பிப் பாய்ந்தால் மரம் ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று மாமா சொல்வார்.

வேறு நல்லதாக ஒன்று வாங்கியிருக்கக் கூடாதா? காசு ஒரு காரணம். ஆனால் காசு மட்டும் காரணம் இல்லை.

நமக்குத் துப்பாக்கி தெரியாமல் இல்லை. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டிலனாயைக் கொண்டே படையைப் பழக்கினார். பத்மநாபபுரம் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்த்தார்கள். அது நடந்து நூறு வருஷம் கழித்து எல்லாம் மாறிப்போனது. 1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரனுக்குப் பயம் வந்துவிட்டது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைக்கக் கூடாது என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு.

பயம் தோட்டா வரைக்கும் போனது. 1907 வாக்கில் .450 அளவுத் தோட்டாவை இந்தியாவுக்குள் விடுவதை நிறுத்தினார்கள். கலகக்காரர்கள் கையில் இருந்த பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிக்கு அந்தக் குண்டு உதவிவிடும் என்பதுதான் காரணம். உடனே லண்டன் கம்பெனிகள் .470, .465 என்று புது அளவுகள் செய்து மகாராஜாக்களுக்கும் துரைமார்களுக்கும் விற்றன! ராணுவத்தின் .303-உம் சாதாரண ஆளுக்குக் கிடையாது. அதனால் பி.எஸ்.ஏ. கம்பெனி அதே லீ என்ஃபீல்டு வகை ரைஃபிளை ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்பச் செய்து இங்கே விற்றது. அதற்கு இந்தியப் பெயர் .315.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த .315 போகவில்லை. வங்காளத்தில் ஈஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை அதைச் செய்தது. 5 தோட்டா மேகசின், போல்ட் இழுத்துச் சுடுவது. நம் நாட்டில் சாதாரண ஆள் வாங்கக்கூடிய முதல் ரைஃபிள் என்றால் அதுதான்.

அமெரிக்காவில் கதை நேர் எதிர். யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்த ரைஃபிளை இங்கே மலிவாக வாங்கி, கட்டையைச் செதுக்கி மான் வேட்டைக்குக் கொண்டுபோனார்கள். வெளிநாட்டிலிருந்து அப்படி வந்து குவிவதற்கு 1968-ல்தான் சட்டம் தடை போட்டது. 1958-ல் சாவேஜ் கம்பெனி 110 என்ற மாடலைக் கொண்டுவந்தது. குழாயைப் பொருத்த ஒரு நட்டு போதும், தேர்ந்த கொல்லர் உட்கார்ந்து இழைக்க வேண்டாம்; அதனால் விலை இறங்கியது. என் மகன் சொல்லும் 400, 500 டாலர் ரைஃபிள்கள் அந்த வழியில் வந்தவை. அங்கே ராணுவத் துப்பாக்கியே ஏழையின் முதல் துப்பாக்கி. நம் ஊரில் ராணுவத் தோட்டா பொருந்தாமல் இருப்பதுதான் முதல் தகுதி.

பாட்டாவுக்கு வருவோம். 1959 ஆயுதச் சட்டத்தின் 13-ம் பிரிவில், பயிரைக் காக்க வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தருவதைப் பற்றித் தனியாகவே சொல்லியிருக்கிறது. குடியானவனுக்கு எந்தத் துப்பாக்கி போதும் என்பதைச் சட்டமே எழுதிவிட்டது. பாட்டா தேர்ந்தெடுக்கவில்லை, கிடைத்ததை வைத்துக்கொண்டார்.

காட்டின் பெரிய மிருகங்களோ ராஜாவுக்கும் தோட்டத் துரைகளுக்கும் என்று இருந்தன. பெரியாறு ஏரிக் காட்டை 1934-ல் சரணாலயமாக அறிவித்ததும் திருவிதாங்கூர் மகாராஜாதான். பிறகு 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வேட்டையாட அதில் மிச்சமிருந்த வழியையும் 1991 திருத்தம் மூடியது. புலியும் யானையும் இன்று இருக்கின்றன என்றால் அதில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மரச்சீனி போட்டவன் பாடு திண்டாட்டம்தான். 2022-ல் கேரள அரசு, தொல்லை தரும் காட்டுப்பன்னியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களிடம் கொடுத்தது. லைசென்ஸ் உள்ளவர்தான் சுடலாம். பாட்டா இருந்திருந்தால் அவரைத் தேடி ஆள் வந்திருக்கும்!

அவர் போன பிறகு அம்மை, "இந்தச் சனியன் வீட்டுல வேண்டாம்" என்று அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னாள். மாமாவோடு நானும் போனேன். கோணியில் சுற்றியிருந்த அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு ரசீது கொடுத்தார்கள். எனக்கு அப்போது என் மகன் வயது.

அதனால் அவன் கேள்விக்குப் பதில் இதுதான். நம் வீட்டில் யாரும் வேட்டைக்குப் போனதில்லை. பாட்டா காவலுக்குப் போனார். பொழுதுபோக்குக்காக அவர் ஒரு வெடிகூட வைத்ததில்லை.

இங்கே வேட்டை வேறு கணக்கு. 1937 சட்டத்தின்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் கட்டுகிற 11 சதவீத வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. இந்த மாநிலத்தில் 1979-க்குப் பிறகு பிறந்தவர்கள் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பில் தேறினால்தான் வேட்டை லைசென்ஸ். அந்த வகுப்புக்கு இரண்டு பேர் பெயரைக் கொடுத்துவிட்டேன், அவனுடையதும் என்னுடையதும். தேறிய பிறகும் ஆசை இருந்தால், உதைப்பு குறைந்த .243 ஒன்று பார்க்கலாம். பூட்டுப் போட்ட பெட்டியை அதற்கு முன்னாலேயே வாங்கிவிட வேண்டும்.

அம்மையிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பிள்ளையக் கூட்டிக்கிட்டு நீயும் கூடவே போ, தனியா விட்டுராத" என்றாள். அன்றைக்கு மாமாவோடு என்னையும் அனுப்பியது அவள்தான்.