தானமைவு மதிப்பின் வரலாறு: திண்டுக்கல் பூட்டை முன்வைத்து

பைத்தான் நிரல்மொழியில் ஒரு செயற்கூற்றை அழைப்பவர் தராமல் விட்ட மதிப்பை, முன்கூட்டியே குறித்துவைத்த மதிப்பைக் கொண்டு நிரப்பும் முறைக்குத் தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் 'தானமைவு செயலுருபு' என்று பெயரிட்டுள்ளது. பைத்தான் அப்பாடத்தில் இடம்பெற்ற 2019-ஆம் ஆண்டிலேயே திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடு பெற்றது. தானமைவு மதிப்பு, பொருள்களை வார்க்கும் அச்சான இனக்குழுவுக்குள் வரும்போது நேர்வதை விளக்கவும் அப்பூட்டே பொருத்தமான சான்றாகிறது.

'பூட்டு' என்னும் இனக்குழுவில், ஒவ்வொரு பூட்டையும் தோற்றுவிக்கும் ஆக்கி என்ற வழிமுறைக்கு, பூட்டினுள் இருக்கும் லீவர் தகடுகளின் எண்ணிக்கை 6 என்றும் சாவிகள் ஒரு வெற்றுப் பட்டியல் என்றும் தானமைவு தரப்படுவதாகக் கொள்ளலாம். எண் மாறாத மதிப்பு என்பதால் அதனால் தீங்கில்லை. பட்டியலோ, வழிமுறை வரையறுக்கப்படும் கணத்தில் ஒரே முறை உருவாகி, சாவி குறிப்பிடாமல் தோற்றுவிக்கப்படும் எல்லாப் பூட்டுகளுக்கும் பொதுவாகிவிடுவதால், முதற்பூட்டுக்குச் சேர்த்த சாவி இரண்டாம் பூட்டின் கணக்கிலும் தோன்றும். லீவர்களை அரத்தால் ராவிப் பூட்டுக்குப் பூட்டு வேறு சாவி அமைக்கும் திண்டுக்கல் கைவினைஞரின் மரபுக்கு இது நேர்மாறானது.

இவ்வியல்புக்குக் காரணம் மொழியின் அமைப்பிலேயே உள்ளது. கைடோ வான் ரோசம் 1989 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கத் தொடங்கி 1991-இல் வெளியிட்ட பைத்தானில், செயற்கூற்றின் வரையறையும் இயங்கும் கூற்றே. அது இயங்கும்போது செயற்கூறு ஒரு பொருளாகப் பிறக்க, தானமைவு மதிப்பும் அப்போதே கணிக்கப்பட்டு அதனுடன் சேமிக்கப்படுகிறது. மாறாக, காமன் லிஸ்ப் மொழியும், 2015-இல் தானமைவு வசதியைப் பெற்ற ஜாவாஸ்கிரிப்ட்டும் அழைப்புதோறும் அம்மதிப்பைப் புதிதாகக் கணிக்கின்றன. எனினும் பைத்தானின் முறை தொடக்கக் காலத்தில் பயன்பட்டது: 2001-இல் 2.1 பதிப்பு வரும்வரை உட்செயற்கூற்றால் தன்னைச் சூழ்ந்த செயற்கூற்றின் மாறிகளைக் காண இயலாததால், அவற்றின் அப்போதைய மதிப்பைத் தானமைவாக உள்ளே கொண்டுசெல்வதே நிரலர்களின் உத்தியாக இருந்தது.

பொதுப்பட்டியலின் சிக்கலைத் தவிர்க்க நிரலர்களிடையே ஒரு வழக்கம் வேரூன்றியது. 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் நன் என்ற மதிப்பைத் தானமைவாக இட்டு, வழிமுறைக்குள் அது வந்திருப்பது தெரிந்தால் அங்கேயே புதிய பட்டியலை உருவாக்குவது அவ்வழக்கம்; பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணமும் இதையே பரிந்துரைக்கிறது. 2018-இல் 3.7 பதிப்புடன் வந்த டேட்டாகிளாஸ் என்னும் வசதி ஒருபடி மேலே சென்று, பட்டியலை நேரடித் தானமைவாகத் தந்தால் வரையறையின்போதே பிழையென மறுத்து, பொருள்தோறும் புதிய பட்டியலை ஆக்கித்தரும் செயற்கூறொன்றைக் கேட்கிறது. இவ்வாறு அங்கே வழக்கம் விதியாகியது. சாதாரண வழிமுறைகளில் மட்டும் அது இன்றும் எழுதுபவரின் பொறுப்பாகவே நீடிக்கிறது.