எடை குறைக்கிற ஆபரேஷனும் ஹெச் பைலோரி கிருமியும்: ஒரு வரலாற்று த்ரெட்

எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு முன்னாடி வயித்துல ஹெச் பைலோரி கிருமி இருக்கான்னு டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்களே, குண்டா இருக்கிறதுக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம்னு நிறைய பேர் கேக்குறாங்க. நியாயமான கேள்வி. பதில் சொல்ல 60 வருஷம் பின்னாடி போகணும். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

அந்தக் காலத்தில் அல்சர் என்றால் காரம், கவலை, அமிலம். இதுதான் டாக்டர்களும் நம்பியது. மருந்தில் அடங்காத அல்சருக்கு இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள், அல்லது இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் அல்சர் ஆபரேஷன்களுக்குப் பேர் போனவர் ஹோவர்ட் சாமர்வெல். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் மலை ஏறிய அதே சாமர்வெல்தான்!

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் ஒன்றைக் கவனித்தார். அல்சருக்காக இரைப்பையில் பாதியை இழந்தவர்கள் இளைத்துப் போகிறார்கள், திரும்ப எடை ஏற மாட்டேங்குது. அல்சர்காரருக்கு அது பக்கவிளைவு. உடல் பருமனால் அவதிப்படுறவருக்கு? 1966ல் அவரும் சிகாஷி இட்டோவும் முதல் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தார்கள். இரைப்பையை எடுக்கவில்லை. மேலே ஒரு சின்ன பையைப் பிரித்து குடலோடு இணைத்துவிட்டு, மீதியை உள்ளேயே விட்டார்கள். இந்த "மீதி"யை ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்போ அல்சருக்குக் காரணம் ஒரு கிருமி என்று மேசனுக்கும் தெரியாது, யாருக்குமே தெரியாது. அமிலத்தில் எந்தக் கிருமி வாழும் என்பதுதான் பாடம்.

1979ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற பெதாலஜிஸ்ட், இரைப்பைத் திசுவில் வளைந்த கிருமிகளைப் பார்த்தார். 1981ல் இளம் டாக்டர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியை லேபில் வளர்த்துப் பார்த்தால் வளரவே இல்லை. காரணம் சப்பையானது: ரெண்டு நாளில் தட்டுகளைத் தூக்கிப் போட்டுட்டாங்க. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டு அப்படியே அஞ்சாறு நாள் கிடந்தது. வந்து பார்த்தா கிருமி வளர்ந்திருக்கு!

யாரும் நம்பவில்லை. 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி. (அவருக்கு அல்சரே வந்தது என்று வாட்ஸ்அப்பில் வருவது தப்பு.) 2005ல் இருவருக்கும் நோபல். அதற்கு முன்பே, 1994ல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது.

இப்போ அந்த "மீதி"க்கு வருவோம். பைபாஸுக்குப் பிறகு சாதாரண எண்டோஸ்கோபி அந்த மீதி இரைப்பைக்குள் போகாது. உள்ளே கிருமி இருந்தா, புண் வந்தா, புற்றுநோயே வந்தாலும் எட்டிப் பார்க்கிறது ரொம்ப கஷ்டம். இரைப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள ஜப்பானில் பைபாஸை விட ஸ்லீவையே அதிகம் செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்லீவில் முக்கால்வாசி இரைப்பை வெளியே வந்துவிடும்.

பைபாஸ் இணைப்பில் வரும் புண்ணுக்கும் இந்தக் கிருமிதான் காரணமா? ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிகரெட்டும் வலி மாத்திரையும் அதில் பெரிய வில்லன்கள். அதனால கிருமி இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா பயப்பட வேண்டாம், ஆபரேஷனையே கைவிட வேண்டாம். பெரும்பாலும் 14 நாள் மருந்து, முழுசா முடிக்கணும். முடிஞ்சு நாலு வாரம் கழித்து மூச்சு அல்லது மலப் பரிசோதனை. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒமிப்ரசோல், பாண்டோப்ரசோல் மாதிரி மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டு நிறுத்தணும், இல்லன்னா கிருமி இருந்தும் இல்லைன்னு வரும். ரத்தத்தில் ஆன்டிபாடி டெஸ்ட் இதுக்கு உதவாது, கிருமி செத்த பிறகும் பாசிட்டிவ்வாகவே காட்டும். அந்தக் காசை மிச்சம் பிடிங்க.